சாளரமும் கொள்கலமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



காற்று நுழையும் வழிக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. 'கால்' என்பது காற்று. 'அதர்' என்பது வழி. இரண்டும் சேர்ந்து 'காலதர்' ஆயிற்று. புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண்போல் அமைந்த காலதர்கள் இருந்தமையைச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை கூறுகின்றது. அந்நூலின் மனையறம்படுத்த காதையில் 'சாளரம்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. பல கண்களை உடையது 'பலகணி'. போர்ச்சுகீசியர் வழியாக வந்தது 'ஜன்னல்'. ஆங்கிலத்தின் 'விண்டோ' என்னும் சொல்லும் பழைய நோர்ஸ் மொழியில் 'காற்றின் கண்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்தே பிறந்தது. தமிழரும் வடபுலத்தாரும் ஒருவரையொருவர் அறியாமலே காற்றையும் கண்ணையும் கொண்டு ஒரே பொருளுக்குப் பெயரிட்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

வீட்டுச் சாளரம் காற்றுக்கும் ஒளிக்கும் உரியது. கணினித் திரையில் தோன்றும் சாளரமோ சொற்களுக்கும் படங்களுக்கும் உரியது. பெயரளவில் அது சாளரம். செயலளவில் அது நாற்புறமும் எல்லை வகுத்த ஒரு கலம். தோல் பதனிடும் கூடங்களும் காலணித் தொழிலகங்களும் நிறைந்த வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் உழைப்பவரின் பெயர், வேலைநாள், ஊதியம், பிடித்தம் ஆகிய பலவும் இன்று இத்தகைய கலங்களில்தான் வைக்கப்படுகின்றன. அக்கலத்தில் தமிழுக்கு எவ்வளவு இடம், அவ்விடத்தை அளப்பவர் யார் என்பதே இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருள்.

திரையில் சாளரம் பிறந்த வரலாறு

தொடக்கக் காலக் கணினித் திரையில் எழுத்து வரிசைகள் மட்டுமே இருந்தன. திரையைப் பல பகுதிகளாக்கி ஒவ்வொன்றிலும் ஒரு பணியைக் காட்டும் முறை அமெரிக்காவின் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருப்பெற்றது. அங்கு 1973-இல் உருவான 'ஆல்டோ' கணினியிலும், அதன்மேல் இயங்கிய 'ஸ்மால்டாக்' மொழியிலும், மேசைமேல் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதுபோல் சாளரங்கள் படிந்து கிடந்தன. 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினி அம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'எக்ஸ் சாளர முறை' தொடங்கப்பெற்றது. மைக்ரோசாப்ட் நிறுவனம் சாளரத்தையே தன் மென்பொருளுக்குப் பெயராக்கி 1985 நவம்பரில் 'விண்டோஸ்' முதற்பதிப்பை வெளியிட்டது. அதில் சாளரங்கள் பக்கம் பக்கமாகவே நின்றன. ஒன்றன்மேல் ஒன்று படியும் வசதி 1987-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் கிடைத்தது.

இவை அனைத்தும் ஆங்கிலச் சொற்களைக் கண்முன் நிறுத்தி அமைக்கப்பட்டவை என்பதை மறத்தலாகாது. 1990-களில் தமிழில் தட்டெழுதியோர்க்கு இதன் விளைவு நன்கு தெரியும். ஆவணத்தின் உள்ளே தமிழ் எழுத்துரு இருந்தது. கவிதை தமிழில் தெரிந்தது. சாளரத்தின் நெற்றியில் இருந்த தலைப்புப் பட்டையோ கணினியின் சொந்த எழுத்துருவையே அறியும். எனவே தமிழில் இட்ட பெயர் அங்கே பொருளற்ற குறிகளாய்க் காட்சியளித்தது. வீட்டுக்குள் தமிழ் பேசலாம், வாசலில் பெயர் எழுதலாகாது என்பது போன்ற நிலை அது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. எனினும் விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழை ஏற்ற பின்னரே சாளரத்தின் சட்டகத்திலும் தமிழ் எழுத்து நிலைபெற்றது. எழுத்து நிலைபெற்றபின் எழுந்ததுதான் இடம் என்னும் சிக்கல்.

தானமும் தானியும்

ஒரு சாளரத்தை உருவாக்கும் நிரலர் முதலில் வெற்றுச் சட்டகம் ஒன்றை அமைக்கிறார். அதனுள் ஒரு கொள்கலத்தை வைக்கிறார். அக்கொள்கலத்தினுள் வேறு சில கொள்கலங்களை வைக்கிறார். இறுதியாக அவற்றினுள் பொத்தான், பெயர்ச்சீட்டு, எழுதும் கட்டம் ஆகிய உறுப்புகளை இடுகிறார். வெளியே இருப்பது தாய், உள்ளே இருப்பது சேய் என்பது மரபு. சேயின் இருப்பிடம் தாயின் மூலையிலிருந்து அளக்கப்படும். தாயை நகர்த்தினால் சேயும் உடன் நகரும். தாயை அழித்தால் சேயும் அழியும். தாயின் எல்லைக்கு வெளியே சேயின் எப்பகுதியும் கண்ணுக்குத் தெரியாது. இக்கடைசி விதி நினைவில் கொள்ளத்தக்கது. தமிழ் வெட்டுப்படுவது இதனால்தான்.

1996-இல் முதற்பதிப்பு வெளிவந்த ஜாவா மொழி இவ்வுறவைத் தெளிவான வாய்பாடாகவே தந்தது. அதில் 'உறுப்பு' என்பது முதல் வகை. உறுப்பின் ஒரு வகை 'கொள்கலம்'. கொள்கலத்தின் ஒரு வகை 'சாளரம்'. கொள்கலமும் ஓர் உறுப்பே ஆதலால் கொள்கலத்தினுள் கொள்கலம் அடங்கும். ஆயினும் சாளரத்தை மட்டும் மற்றொரு கொள்கலத்தினுள் வைக்க இயலாது; வைக்க முயன்றால் மொழி மறுத்துவிடும். ஒரு பொத்தானை இரண்டு கலங்களில் ஒரே நேரத்தில் வைக்கவும் இயலாது. இரண்டாவதில் வைத்த உடனே முதலாவதிலிருந்து அது நீங்கிவிடும். ஒரு சேய்க்கு ஒரு தாயே.

இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. யாப்பின் உறுப்புகளை எண்ணும்போது எழுத்து அசைக்குள் அடங்குவதும், அசை சீருக்குள் அடங்குவதும், சீர் அடிக்குள் அடங்குவதும் இவ்வகை அடக்கமே. தளை என்பது அடுத்தடுத்து நிற்கும் சீர்களின் உறவு. கொள்கலத்தினுள் உறுப்புகள் ஒன்றையடுத்து ஒன்று எவ்வாறு நிற்கவேண்டும் என்று வகுக்கும் இட அமைப்பு விதியும் அத்தகையதே.

ஆகுபெயரில் இன்னும் நெருங்கிய ஓர் ஒப்புமை உண்டு. 'அடுப்பிலிருந்து பாலை இறக்கு' என்று சொல்லும்போது இறக்கப்படுவது பாலைக் கொண்ட பாத்திரம். இருக்கும் இடம் தானம். அதில் இருக்கும் பொருள் தானி. தானியின் பெயர் தானத்துக்கு ஆகி வருவதால் இது தானியாகுபெயர். கணினியின்முன் அமர்ந்தவர் 'கடிதத்தை மூடு', 'கணக்கைச் சிறிதாக்கு' என்கிறார். மூடப்படுவது கடிதமன்று, சிறிதாவது கணக்கன்று. அவற்றைக் கொண்ட சாளரமே மூடப்படுகிறது. பயன்படுத்துவோர் நெஞ்சில் சாளரம் என ஒன்று தனியே இல்லை. உள்ளிருக்கும் பொருளே அவர்க்கு எல்லாம். பாலுக்காகப் பாத்திரம் என்பதுபோலச் சொல்லுக்காகவே சாளரம். நிரலர் சிலர் இதனை மாற்றி எண்ணுவதிலிருந்து துன்பம் தொடங்குகின்றது.

அளவை யார் கூறுவது?

சாளரத்தினுள் உறுப்புகளை வைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, நிரலரே அளவை அறுதியிடுவது. இடப்புறத்திலிருந்து இவ்வளவு, மேலிருந்து இவ்வளவு, அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என நான்கு எண்களை எழுதிவிடுவது. 1991-இல் அறிமுகமான விஷுவல் பேசிக் மொழியில் படிவங்களைச் சுட்டியால் வரைந்து அமைத்தோர் இம்முறையையே பின்பற்றினர். விண்டோஸின் உரையாடல் பெட்டிகளுக்கு ஒரு தனி அளவை உண்டு. எழுத்துருவின் சராசரி அகலத்தில் நான்கில் ஒரு பங்கு அகலத்துக்கும், எழுத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு உயரத்துக்கும் அலகாகும். அச்சராசரி எந்த எழுத்துகளினுடையது? ஆங்கிலத்தின் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26 ஆகியவற்றினுடையது. 'ண', 'ணை', 'ஞௌ' போன்றவற்றின் அகலம் அக்கணக்கில் இல்லை.

இரண்டாம் வழி, கொள்கலம் தன் உள்ளடக்கத்தைக் கேட்டு அளவை அறிந்துகொள்வது. சாளரம் தன் கொள்கலத்தை 'உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்?' என வினவும். கொள்கலம் தன்னுள் இருப்பவற்றை வினவும். வினா இவ்வாறு கீழிறங்கிக் கடைசியில் இருக்கும் பொத்தானைச் சென்றடையும். பொத்தான் தன்மேல் எழுதப்பட்ட சொல்லை, எழுதப்பட்ட எழுத்துருவிலேயே அளந்து விடை கூறும். விடைகள் கூடிக்கூடி மேலேறும். பின்னர் உள்ள இடம் மேலிருந்து கீழாகப் பகிர்ந்து அளிக்கப்படும். ஜாவாவின் இட அமைப்பாளர்களும், லினக்ஸ் உலகில் வழங்கும் ஜிடிகே, க்யூட்டி ஆகிய கருவித்தொகுதிகளும் இம்முறையை வளர்த்தன. ஜிடிகேயின் நான்காம் பதிப்பு 2020-இல் வெளிவந்தபோது கொள்கலம் என்னும் தனி வகையே நீக்கப்பட்டது. எந்த உறுப்பும் தன்னுள் சேய்களைக் கொள்ளலாம் என்றாயிற்று. வகை நீங்கினாலும் வினாவும் விடையும் நீங்கவில்லை.

ஆம்பூரில் தோல் அறுக்கும் தொழிலாளி இவ்விரண்டாம் வழியை நன்கு அறிந்தவர். தோல் கடையில் விற்கும் துணியைப் போல் எங்கும் ஒரே தன்மை உடையதன்று. முதுகுப் பகுதி உறுதியானது. வயிற்றுப் பகுதி தளர்ந்து நீள்வது. காலணியின் முகப்பில் வரும் துண்டை அவர் நல்ல பகுதியிலிருந்து எடுப்பார். உள்ளே மறையும் துண்டுகளுக்கு ஓரங்களைப் பயன்படுத்துவார். எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எந்தப் பக்கம் நீளாது என்று பார்த்தே அச்சை வைப்பார். தேர்ந்த நிரலரும் இதனையே செய்கிறார். எந்த உறுப்பு நீளலாம், எந்த உறுப்பு நீளலாகாது, மிஞ்சும் இடம் யாருக்கு என்பவற்றை மட்டும் அவர் சொல்லி வைக்கிறார். அளவைச் சொல் சொல்லிக்கொள்ளும். 'செருப்புக்காகக் காலைத் தறிப்பதா?' என்னும் பழமொழி காலணி செய்யும் ஊர்களுக்கு மட்டும் உரியதன்று. காலுக்கு அளவெடுப்பதே தொழில் என்பது சாளரம் செய்வோர்க்கும் உரிய பாடம்.

கடைக்குறையும் கருத்துக்கேடும்

அளவை முன்கூட்டி அறுதியிட்ட சாளரத்தில் தமிழை வைத்தால் என்ன நேரும்? மூன்று வகைக் கேடுகள் நேரும்.

முதலாவது, உயரத்தால் வருவது. தமிழ் எழுத்து மேலும் கீழும் பரவுவது. மேலே புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும். கீழே உகர ஊகார வளைவுகள். ஆங்கில எழுத்துக்கென அமைத்த குறுகிய பொத்தானில் மேல்விளிம்பு வெட்டுப்பட்டால் முதலில் மறைவது புள்ளி. 'கோப்பு' அங்கே 'கோபபு' ஆகிறது. 'நகல்' 'நகல' ஆகிறது. மெய்யை உயிர்மெய்யாக்கும் இப்பிழை எந்தப் புலவனும் செய்யாதது.

இரண்டாவது, எண்ணிக்கையால் வருவது. 'கொள்கலம்' என்னும் சொல்லில் தமிழர் எண்ணும் எழுத்துகள் ஐந்து. ஒருங்குறி எண்ணும் குறிகள் எட்டு. ஏனெனில் ஒகரக் குறியும் இரண்டு புள்ளிகளும் அங்கே தனித்தனிக் குறிகள். குறிகளை எண்ணி இடையில் நறுக்கும் நிரல் ஓர் எழுத்தையே இரண்டாகப் பிளந்துவிடும். தொழிலாளியின் பெயருக்கு இத்தனை குறிகள் போதும் என ஒருவர் ஆங்கிலத்தை நினைத்து வரையறுத்தால், தமிழ்ப் பெயர் பாதியில் நின்றுவிடும்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் கொடிது. அது அகலத்தால் வருவது. தமிழ் ஒட்டுநிலை மொழி. காலமும் இடமும் பாலும் எதிர்மறையும் சொல்லின் பின்னாலேயே வந்து சேரும். ஒரு கோப்பை மூடும்போது கணினி காட்டும் பொத்தான்களுள் ஒன்று 'சேமிக்க வேண்டாம்' என்பது. இடம் போதாமல் வலப்பக்கம் வெட்டுப்பட்டால் எஞ்சுவது 'சேமிக்க'. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் முன்னே நிற்பதால் வால் அறுந்தாலும் மறுப்பு பிழைக்கும். தமிழில் வாலறுந்தால் மறுப்பே போய்விடும்; பொருள் நேர் எதிராகிவிடும். 'அழிக்காதே' என்பது 'அழி' எனத் தெரிந்தால் விளைவு என்னாகும்? ஊதியக் கணக்கைக் காட்டும் திரையில் 'பிடித்தம் இல்லை' என்பதன் கடைச்சொல் மறைந்து 'பிடித்தம்' மட்டும் நிற்பதாகக் கொள்வோம். மாதமெல்லாம் தோல் தைத்த பெண் ஒருத்தி அதைப் படித்து அடையும் கலக்கத்துக்கு நான்கு எண்களே காரணம். வெட்டிய இடத்தில் மூன்று புள்ளிகளை வைத்துவிட்டால் மட்டும் குறை தீராது. சொல் தொடர்கிறது என அப்புள்ளிகள் கூறுமே தவிர, தொடர்வது மறுப்பு எனக் கூறா.

செய்யுளிலும் சொல் குறைவதுண்டே எனக் கவிஞர்கள் கேட்கலாம். உண்டு. முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை ஆகியன செய்யுள் விகாரங்களாக ஏற்கப்பட்டவை. ஆனால் கடைக்குறையில் எழுத்துக் குறையுமே அன்றிப் பொருள் குறையாது. வகையுளியில் ஒரு சொல் இரு சீர்களில் பிரிந்து நின்றாலும், விடுபட்ட பகுதி அடுத்த சீரில் வந்து சேர்ந்துவிடும். ஓசை குறையும் இடத்தில் அளபெடை நீண்டு நிரப்பும். அவை யாவும் பொருளைக் காத்துக்கொண்டு வடிவத்துக்கு இசைபவை. சாளரத்தின் வெட்டோ பொருளை அறியாத கத்தி.

இருபுறமும் எழுதும் ஊர்

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தமிழோடு உருதும் வழங்குகின்றது. உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவது. பெயர்ச்சீட்டு இடப்புறம், எழுதும் கட்டம் வலப்புறம் என எண்களால் அறுதியிட்ட படிவம் உருதுக்குத் தலைகீழாகும். கருவித்தொகுதிகளை வளர்த்தோர் இதற்கும் வழி கண்டனர். இடம், வலம் என்னாமல் வரியின் தொடக்கம், வரியின் முடிவு எனச் சொல்லும் முறையை வகுத்தனர். 2002-இல் வெளிவந்த ஜாவா 1.4 பதிப்பில் திசைப்பெயர்களோடு இச்சொற்களும் சேர்ந்தன. நிரலர் 'தொடக்கத்தில் வை' என்றால் தமிழ்ச் சாளரத்தில் அது இடப்புறமும், உருதுச் சாளரத்தில் அது வலப்புறமும் அமையும். ஒரே கொள்கலம் இரு மொழிகளுக்கும் இணங்கும். தமிழுக்கு நியாயம் செய்யும் சாளரம் உருதுக்கும் நியாயம் செய்யும் என்பதை இதனால் அறியலாம்.

சொல் ஆக்குவோர் கடமை

குறை முழுவதும் நிரலருடையதன்று. தமிழில் பெயர்ப்போரும் எண்ணவேண்டியது உண்டு. ஒற்றைச் சொல்லில் முடியும் கட்டளைக்கு நீண்ட தொடரை அமைப்பது வழக்கமாகிவிட்டது. தமிழின் ஏவல் வினைகளோ மிகக் குறுகியவை: திற, மூடு, அழி, தேடு, நகர்த்து, சேமி. இவை ஆங்கிலச் சொற்களுக்கு ஈடாகச் சிறு பொத்தானிலும் அடங்கும். 'திற' என்பது மரியாதைக் குறைவு, 'திறக்கவும்' என்பதே தகும் என்று வாதிடுவோர் உளர். பொத்தானை அழுத்துகையில் கட்டளையிடுபவர் மனிதர், கேட்பது பொறி. பொறியை ஏவுவதற்கு ஏவலே போதும். பொறி மனிதரிடம் பேசும் இடத்தில்தான் 'கோப்பைத் தேர்ந்தெடுக்கவும்' என்ற பணிவு வேண்டும். யார் யாரிடம் பேசுகிறார் என்ற நோக்கு இருந்தால் இடமும் மிஞ்சும், மரியாதையும் எஞ்சும்.

ஆனால் எச்சரிக்கைகளிலும் அறிவிப்புகளிலும் சுருக்கம் தேடலாகாது. அங்கே சொல் முழுமையாக நிற்கவேண்டும், சாளரமே விரியவேண்டும்.

இத்துறைக்கு இவ்வட்டாரம் அளித்த ஒரு பெரியவரை இங்கு நினைவுகூர்தல் கடன். வாணியம்பாடியில் 1928-இல் பிறந்து, அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய்த் திகழ்ந்த முனைவர் மு. ஆனந்தகிருஷ்ணன், 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டை முன்னின்று நடத்தியவர். தமிழ் 99 விசைப்பலகை அம்மாநாட்டின் வழி நிலைபெற்றது. அவர் 2021-இல் மறைந்தார். பொறியாளரும் தமிழறிஞரும் ஓர் அவையில் அமர்ந்து முடிவெடுத்தல் இயலும் என்பதே அவர் பணி காட்டிய வழி. விசையில் தமிழ் நிலைபெற்றது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றபின் குறியீட்டிலும் நிலைபெற்றது. இடத்தில் நிலைபெறுவதே எஞ்சியுள்ளது.

அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. நிரல் பயிலும் இளைஞர் தாம் எழுதும் சாளரத்தில் அளவை எழுதாமல் உறவை எழுதப் பழகவேண்டும். மிக நீண்ட தமிழ்த் தொடர் ஒன்றை வைத்துப் பார்த்த பின்னரே சாளரம் முடிந்தது எனக் கொள்ளவேண்டும். கவிஞர்களும் தமிழாசிரியர்களும் கலைச்சொல்லைத் தாளில் மட்டும் பார்த்து ஒப்புதல் தராமல், அது நிற்கப்போகும் பொத்தானிலேயே வைத்துப் படித்துப் பார்த்துத் தரவேண்டும். சீர் பிரித்துப் பழகிய கண்ணுக்குச் சொல் எங்கே உடைகிறது என்பது உடனே தெரியும். அது நிரலருக்குக் கிட்டாத திறன்.

இவ்வட்டம் பத்தாண்டுகளாகச் சொல்லை நிறுத்துப் பழகியது. அடுத்த பத்தாண்டில் அதன் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரில் உள்ள ஒரு தொழிலகத்திலோ அலுவலகத்திலோ ஒரு திரையைப் பார்த்து, வெட்டுப்பட்ட ஒரு தமிழ்ச் சொல்லை மீட்டுத் தருவாராயின், அதனைப் படிக்கும் உழைப்பாளிக்கு அது ஒரு கவிதைக்குக் குறைந்ததாகாது.